ஒரு கப் கிஸ்மிஸ் எத்தனை கிராம்?

அந்த டிசம்பரில் ஆறு கேக்கும் ஒரே மாதிரி உதிர்ந்தன. கத்தியை இறக்கியதும் மேல் பாதி ஒழுங்காக நின்றது. அடிப்பாதியில் கிஸ்மிஸும் பேரீச்சையும் கட்டிதட்டிக் கிடந்து, துண்டைத் தூக்கும்போதே தட்டில் சரிந்து விழுந்தன. சபையில் கேரல் ஆராதனை முடிந்து 150 பேருக்கு வெட்டிக் கொடுக்க வேண்டிய கேக். மணி மாலை நான்கு. ஆராதனை ஆறு மணிக்கு.

பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே கேக் செய்து கொடுக்க ஆரம்பித்து அது எனக்கு இரண்டாவது வருஷம். ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று சின்ன ஆர்டர்கள்தான் அதுவரை. அந்த வருஷம்தான் மாதர் சங்கத்து அக்கா ஒருவர் நம்பி ஆறு பெரிய கேக் சொல்லியிருந்தார். உதிர்ந்ததை உதிர்ந்தபடியே டப்பாக்களில் எடுத்துப்போய் உண்மையைச் சொன்னேன். கரண்டியால் அள்ளிக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்துச் சமாளித்தார்கள். பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை.

ஓவனில் தப்பா, முட்டையில் தப்பா, மாவை அதிகமாக அடித்துவிட்டேனா என்று ஒரு வாரம் யோசித்தேன். எங்கே தப்பு என்று கடைசியில் என் நோட்டுதான் காட்டிக் கொடுத்தது. அமெரிக்க முறைக் குறிப்பு ஒன்றை எடுத்திருந்தேன். ஒரு கேக்குக்கு மைதா 2 கப், வெண்ணெய் 1 கப், சீனி 1 கப், முட்டை 4, கலந்த உலர்பழம் 4 கப். ஆறு கேக் என்றால் பழம் 24 கப். இத்தனை கப்பை அளந்துகொண்டு நிற்க முடியாது, கடையிலும் கிலோக் கணக்கில்தான் வாங்க வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் கிராமுக்கு மாற்றி எழுதினேன். சீனி ஒரு கப் 200 கிராம் என்பது எனக்கு மனப்பாடம். அதே 200-ஐப் பழத்துக்கும் போட்டுவிட்டேன். 24 கப் 4.8 கிலோ ஆனது.

அது 3.6 கிலோ இருந்திருக்க வேண்டும். கிஸ்மிஸ், பேரீச்சை, டூட்டி ஃப்ரூட்டி எல்லாம் கலந்தால் கப்புக்குச் சராசரியாக 150 கிராம்தான் வரும். ஒரு கேக்கின் மாவுக்கலவையைக் கூட்டிப் பார்த்தால் மைதா 250, வெண்ணெய் 225, சீனி 200, முட்டை 200, ஆக ஏறக்குறைய 875 கிராம். அது 600 கிராம் பழத்தைச் சுமக்கும். நான் ஏற்றியது 800 கிராம். பழத்துண்டுகளைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள மாவே இல்லை. ஆறு கேக்குக்குமாக 1.2 கிலோ பழம் கூடுதலாகப் போனதில் கைக்காசு போனது ஒரு பக்கம், பேர் போனது இன்னொரு பக்கம்.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம், இந்தத் தப்பைச் செய்பவர்களை ஒவ்வொரு நவம்பரிலும் பார்க்கிறேன். "அக்கா, ஒரு கப்னா எத்தன கிராம்க்கா?" என்று போன் வரும். எந்தப் பொருளுக்கு என்று கேட்டால் சிலருக்குக் கேள்வியே புரிவதில்லை. கப் என்பது இடத்தின் அளவு. கிராம் என்பது எடை. இரண்டுக்கும் நடுவே எந்தப் பொருளை நிரப்புகிறோம் என்பது இருக்கிறது. உலர்பழத்தில் அது இன்னும் சிக்கலானது.

ஏன் சிக்கல் என்று ஒரு நாள் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கப் நிறையக் கிஸ்மிஸ் போட்டு, தலை தட்டி, அதை எடை மெஷினில் வைத்தேன். 145 கிராம். பிறகு அளவு ஜாடியில் 250 மில்லி தண்ணீர் எடுத்து, அந்தக் கிஸ்மிஸ் கப்பிலேயே மெதுவாக ஊற்றிக்கொண்டே வந்தேன். பழத்துக்கு நடுவே தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. விளிம்பு தொடும்போது ஜாடியைப் பார்த்தால் 120 மில்லிக்கு மேல் காலி. கப்போ 240 மில்லி. நிறைந்திருக்கிறது என்று நான் நினைத்த கப்பில் பாதி வெறும் காற்று. சுருங்கிய தோல், மடிப்பு, காம்பு ஒட்டிய முனை என்று ஒவ்வொரு கிஸ்மிஸும் பக்கத்தில் இருப்பதோடு முழுசாக ஒட்டாமல் சந்து விட்டே உட்காருகிறது. சீனியில் இந்தச் சிக்கல் கிடையாது. இன்று அளந்தாலும் நாளை அளந்தாலும் கிட்டத்தட்ட ஒரே எடை. கிஸ்மிஸை விரலால் ஒரு அழுத்து அழுத்தினால் சந்து குறைந்து இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும். அதே கப்பில் நன்றாக அழுத்தி நிரப்பியபோது 165 வந்தது. ஒரு கப்புக்கு 20 கிராம் வித்தியாசம். 24 கப்புக்கு அதுவே அரைக் கிலோவைத் தொட்டுவிடும்.

அன்றிலிருந்து பழத்தைக் கப்பில் அளப்பதை விட்டுவிட்டேன். ஆனால் குறிப்புகள் கப்பில்தான் வருகின்றன. அதனால் மாற்றத் தெரிந்தே ஆக வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது கப்பையேதான். அமெரிக்கக் குறிப்பில் கப் என்றால் ஏறக்குறைய 237 மில்லி. நடைமுறையில் 240 என்று வைத்துக்கொள்ளலாம். என் நாத்தனார் மெல்போர்னில் இருக்கிறாள். அவள் அனுப்பும் குறிப்புகளில் கப் 250 மில்லி, டேபிள் ஸ்பூன்கூட 20 மில்லி. நாம் பயன்படுத்துவது 15 மில்லி. ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மில்லி. அது அரிசிக்கான ஜப்பானிய அளவு. அதை எடுத்துக் கேக்குக்கு அளந்து, பழம் போதவில்லையே என்று என்னிடம் கேட்டவர்கள் இரண்டு பேர். 4 கப் கிஸ்மிஸ் என்பது 240 மில்லி கப்பில் 580 கிராம், 250-இல் 600-க்குச் சற்று மேல், குக்கர் கப்பில் வெறும் 435. எவர்சில்வர் டம்ளரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், கடைக்குக் கடை ஒரு அளவு.

உங்கள் கப் எத்தனை மில்லி என்று கண்டுபிடிப்பது சுலபம். எடை மெஷினில் காலிக் கப்பை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் ஒரு மில்லிக்கு ஒரு கிராம். மெஷின் காட்டும் கிராம்தான் உங்கள் கப்பின் மில்லி. அடியில் 250 என்று அச்சடித்த என் பழைய பிளாஸ்டிக் கப் 235-க்கு மேல் கொள்ளவில்லை. பத்து வருஷம் அதை நம்பியிருந்தேன்.

மெஷினையே நம்பலாமா என்ற கேள்வியும் வரும். பேட்டரி இறங்கினால் என்னுடைய மெஷின் கூடக் குறையக் காட்டும். பத்து ரூபாய் நாணயம் ஒன்று சுமார் 7.7 கிராம். பதின்மூன்று நாணயத்தை அடுக்கி வைத்தால் 100 கிராமை ஒட்டி வர வேண்டும். ஒவ்வொரு சீசன் தொடங்கும்போதும் உண்டியலில் இருந்து பதின்மூன்று எடுத்து வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன்.

இனி பழங்கள். கீழே சொல்வது 240 மில்லி கப்பில், அழுத்தாமல் போட்டுத் தலை தட்டி, நான் திரும்பத் திரும்ப நிறுத்துப் பார்த்து எழுதி வைத்த கணக்கு. பொன்னிறக் கிஸ்மிஸ் 145, கறுப்பு திராட்சை 150-ஐ ஒட்டி. நறுக்கிய பேரீச்சை 150, நறுக்கிய அத்தி அதேதான். ஆப்ரிகாட் பாதிப் பாதியாக இருந்தால் 130. அது வளைந்து கிண்ணம் மாதிரி இருப்பதால் சந்து அதிகம். பொடியாக நறுக்கினால் ஏறும். கொட்டை நீக்கிய ப்ரூன்ஸ் 170-க்கு மேல் போகும், ஈரமும் கனமும் உள்ள பழம் அது. காய்ந்த க்ரான்பெர்ரிதான் எல்லாவற்றிலும் லேசு, 115 முதல் 120. டூட்டி ஃப்ரூட்டி பப்பாளிக்காயைச் சீனிப்பாகில் ஊறவைத்துச் செய்வது. கனசதுரமாக நெருங்கி உட்காரும், பாகும் சேர்ந்திருக்கும், என் கப்பில் 165. முழு முந்திரி 135-ஐ ஒட்டி. முந்திரி பழம் இல்லைதான். ஆனால் நம் வீடுகளில் பழக்கணக்கில்தான் அது சேரும்.

இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்வதைவிட, உங்கள் கடைப் பழத்தை உங்கள் கப்பில் ஒரு தடவை நிறுத்துப் பார்ப்பது நல்லது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் போதும். ஒவ்வொரு பழத்தையும் மூன்று தடவை அளந்து நிறுத்து, நடுவில் வரும் எண்ணை எழுதுங்கள். ஒரு தடவை அளந்ததை நம்ப வேண்டாம். என்னுடைய பட்டியல் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது, எண்ணெய்க் கறையோடு.

பேரீச்சையைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், அதிகம் பேர் தடுக்கி விழுவது அங்கேதான். "பேரீச்சை 1 கப், நறுக்கியது" என்று ஒரு குறிப்பு. "நறுக்கிய பேரீச்சை 1 கப்" என்று இன்னொரு குறிப்பு. படிக்கும்போது ஒன்றுபோலத்தான் தெரியும். முதலாவதில் முழுப் பழத்தைக் கப்பில் அளந்து பிறகு நறுக்க வேண்டும். இரண்டாவதில் நறுக்கிய பிறகு அளக்க வேண்டும். முழுப் பழம் கப்பில் தாறுமாறாக நிற்கும், சந்து பெரிசாக விழும். நறுக்கியது இறங்கி உட்காரும். மென்மையான வகையாக இருந்தால் நறுக்கின துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிசைந்த மாதிரி ஆகிவிடும். அப்போது 150 என்பது 180-ஐத் தாண்டும். எழுதியவர் எதை நினைத்து எழுதினார் என்று தெரியாதபோது நான் நறுக்கியது 150 கிராம் என்றே எடுத்துக்கொள்வேன். பழம் கொஞ்சம் குறைந்தால் கேக் நிற்கும், கூடினால்தான் விழும்.

கொட்டையும் உண்டு. கொட்டையோடு இருக்கும் 500 கிராம் பாக்கெட்டில் கொட்டையை எடுத்துவிட்டு நிறுத்தபோது எனக்கு 445 வந்தது. வகைக்கு வகை மாறும். குறிப்பில் உள்ள எடை பெரும்பாலும் கொட்டை நீக்கிய பழத்துக்குத்தான். வாங்கும்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டி வாங்குங்கள்.

ஊறவைக்கும் வீடுகளில் இன்னொரு குழப்பம். நான் ஆரஞ்சுச் சாறில் ஊறவைப்பேன், பிள்ளைகளும் சாப்பிடுவதால். 500 கிராம் கலந்த பழம், 150 மில்லி சாறு. மறுநாள் வடிகட்டினால் பழம் 610 கிராம் நிற்கும். இந்த ஊறின பழத்தில் 500 கிராம் எடுத்து மாவில் போட்டால் உண்மையில் 410 கிராம் பழம்தான் சேர்ந்திருக்கும், மீதி சாறு. அதனால் எடை போடுவது உலர்ந்த நிலையில், ஊறவைப்பதற்கு முன்னால். கழுவுவதற்கும் முன்னால். கழுவிய கிஸ்மிஸ் தோல் மடிப்பில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துணியில் பரத்தித் துடைத்தாலும் கொஞ்சம் நிற்கும்.

கிறிஸ்துமஸ் நேரம் எங்கள் ஊரில் மழைக்காலம். ஐப்பசி, கார்த்திகை முழுக்க ஈரக் காற்று. டப்பாவைத் திறந்தால் கிஸ்மிஸ் உருண்டை உருண்டையாக ஒட்டியிருக்கும். அப்படியே கப்பில் போட்டால் உருண்டைக்கு நடுவே பெரிய பெரிய சந்து. அழுத்தினால் நேர்மாறாகக் கனத்துவிடும். ஒரே டப்பாக் கிஸ்மிஸ், ஒரே கப், சித்திரையில் ஒரு எடை, கார்த்திகையில் ஒரு எடை. தராசில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஈரம் குடித்து ஏறும் எடை சொற்பம், சந்தால் வரும் வித்தியாசம்தான் பெரிசு.

கலந்த பழம் என்று குறிப்பில் இருந்தால் எப்படி மாற்றுவது? இதில் என் கணவர்தான் எனக்கு ஆசிரியர். கட்டட வேலை மேற்பார்வை பார்ப்பவர். ஒரு நாள் 2 கப் கிஸ்மிஸும் 1 கப் பொடியாக நறுக்கின டூட்டி ஃப்ரூட்டியும் ஒரு பாத்திரத்தில் கலந்து, திரும்ப அளந்து பார்த்தேன். 3 கப் வரவில்லை, குறைந்தது. சிந்திவிட்டேனா என்று மேடையெல்லாம் தேடினேன். சாப்பிட வந்தவர் பார்த்துவிட்டு, "ஜல்லியக் கொட்டி மேல மணலக் கொட்டினா உயரம் அவ்வளவுக்குக் கூடுமா? சந்துக்குள்ள எறங்கிரும்லா" என்றார். அதேதான். சின்னத் துண்டுகள் பெரிய துண்டுகளின் சந்தில் போய் உட்கார்ந்துவிடுகின்றன. எடையைக் கூட்டினால் கூடும், கப்பைக் கூட்டினால் கூடாது. ஆகவே ஒவ்வொரு பழத்தையும் தனித்தனியாகக் கிராமுக்கு மாற்றிவிட்டு அதன்பிறகு கூட்டுங்கள். மொத்தமாக 4 கப் கலந்த பழம் என்று மட்டும் எழுதியிருந்தால் கப்புக்கு 150 என்று போடலாம். டூட்டி ஃப்ரூட்டி பாதிக்கு மேல் என்றால் 155.

மெல்போர்ன் குறிப்புகளிலும் பிரிட்டிஷ் முறைக் குறிப்புகளிலும் பெரும்பாலும் எடைதான் எழுதியிருக்கும். அங்கே தொல்லை பெயரில். சுல்தானா என்று இருந்தால் நம் பொன்னிறக் கிஸ்மிஸையே போடலாம். கரன்ட் என்பது மிகச் சின்னக் கறுப்பு உலர்திராட்சை. அது கிடைக்காவிட்டால் நம் கறுப்பு திராட்சையை இரண்டாக நறுக்கி, கரன்ட்டுக்கு எழுதியிருக்கும் அதே கிராம் போடுங்கள். எடையில் இருக்கும்போது ஒன்றுக்கு ஒன்று மாற்றுவது இப்படிச் சுலபமாகிவிடுகிறது. அவுன்ஸ் என்றால் 28 கிராம், பவுண்டு என்றால் 454.

பவுண்டு என்றதும் என் மாமியாரின் நோட்டு நினைவுக்கு வருகிறது. நான் கற்றுக்கொண்டதில் பெரும் பங்கு அங்கிருந்து வந்ததுதான்.

அத்தைக்கு இப்போது 78 வயது. கல்யாணமான புதிதில், 1967-இல், அவர் மாமியார் சொல்லச் சொல்ல எழுதிய நோட்டு. மெட்ரிக் அளவுக்கான சட்டம் 1956-இல் வந்து, கடைகளில் கிலோ வந்துவிட்ட காலம். வீட்டுப் பேச்சில் மட்டும் ராத்தலும் பலமும் போகவில்லை. கேக் என்ற தலைப்பில் இப்படி இருக்கும்: மைதா அரை ராத்தல், சீனி அரை ராத்தல், வெண்ணெய் அரை ராத்தல், முட்டை 5, கிஸ்மிஸ் 2 ஆழாக்கு, பேரீச்சை 8 பலம், அண்டிப்பருப்பு (முந்திரி) 1 ஆழாக்கு, ஆரஞ்சுத் தோல் ஒரு கை.

ஒரே குறிப்பில் மூன்று வகை அளவு. உதிர்ந்த கேக்குக்குப் பிறகு, இனி குடும்பத்துக் குறிப்பையே செய்வோம் என்று அதை எடுத்தேன். ராத்தல் என்பது பவுண்டு, அரை ராத்தல் 227 கிராம். பலம் என்பது மூன்று தோலா, 35 கிராம். நாற்பது பலம் ஒரு வீசை, 1.4 கிலோ. அப்படியானால் பேரீச்சை 280 கிராம். ஆழாக்கு என்பது படியில் எட்டில் ஒரு பங்கு, 168 மில்லி என்று கணக்கு. ஆனால் ஊருக்கு ஊர் படி மாறும் என்பதால் அத்தையின் பித்தளை ஆழாக்கையே தேய்த்துக் கழுவித் தண்ணீர் ஊற்றி நிறுத்தேன். 170. அதில் கிஸ்மிஸைத் தலை தட்டி நிறுத்தால் 103 கிராம். இரண்டு ஆழாக்கு 206.

செய்தேன். கேக் நன்றாகத்தான் வந்தது. அத்தை ஒரு துண்டு வாயில் போட்டு, "நல்லா இருக்கு. கிஸ்மிஸ்தான் கம்மி" என்றார்.

நோட்டைக் கொண்டுபோய்க் காட்டி, எழுதியபடிதானே போட்டேன் என்றேன். ஆழாக்கைக் கையில் வாங்கிப் பார்த்தவர், "எப்படி அளந்த?" என்று கேட்டார். தலை தட்டி என்றேன்.

"ஏட்டி, பண்டிகைக்குப் போடுததை யாராவது தலை தட்டுவாளா?"

டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி அவரே அளந்து காட்டினார். இடது கையில் ஆழாக்கு. வலது கை டப்பாவுக்குள் போய் ஒரு பிடி அள்ளி வந்தது. ஆழாக்கு நிறைந்த பிறகும் கை நிற்கவில்லை. கோபுரம் ஏறி, பக்கவாட்டில் ஒன்றிரண்டு உருண்டு மடியில் விழும்வரை போட்டார். உருண்டு விழுந்ததையும் எடுத்து மேலே வைத்தார். நான் அதை அப்படியே மெஷினில் கவிழ்த்தேன். 126. இன்னொரு தடவை அளக்கச் சொன்னேன், 131. மூன்றாவது தடவை 124. கண் சரியாகத் தெரியாத அந்த வயதிலும் அவர் கை ஏழு கிராமுக்குள் நின்றது. எழுதும்போது சுருக்கமாக 125 என்று வைத்துக்கொண்டேன். இரண்டு ஆழாக்கு 250 கிராம். என் கேக்கில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் கிஸ்மிஸ் குறைந்திருந்தது. அதை அவர் நாக்கு கண்டுபிடித்துவிட்டது.

பேரீச்சையை மட்டும் ஏன் பலத்தில் எழுதினீர்கள் என்றும் கேட்டேன். "அது ஒட்டும். ஆழாக்குல போட்டா எப்படிப் போடுதோமோ அப்படி நிக்கும். கடைக்காரன் நிறுத்துத்தான் கட்டிக் குடுப்பான், பொட்டலத்த அப்படியே பிரிச்சுப் போடணும்" என்றார். ஒட்டாத பழத்துக்கு ஆழாக்கு, ஒட்டும் பழத்துக்குத் தராசு. பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு நின்ற அத்தையும் அவருடைய மாமியாரும் பொருளுக்கேற்ற அளவைத் தெரிந்து வைத்திருந்தார்கள். மூன்று வகை அளவையும் குழப்பம் என்று நினைத்தது நான்தான்.

அவரவர் வீட்டுப் பழைய குறிப்பை மாற்றும்போது, கப்பின் மில்லியைக் கண்டுபிடிப்பதோடு நிற்காமல், அளந்த கையையும் அளந்துவிடுங்கள். எழுதியவர் இருக்கிறார் என்றால் அவர் கையாலேயே அளக்கச் சொல்லி நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தலை தட்டிய எடையில் ஆரம்பித்து, சாப்பிட்டுப் பழகியவர்களிடம் கொடுத்துக் கேட்டுக் கேட்டு ஏற்றிக்கொண்டு வரலாம். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா அவர் அம்மாவின் குறிப்பை அப்படித்தான் மீட்டெடுத்தார், நான்கு கேக் பிடித்தது.

கிராமில் எழுதிய குறிப்பை வைத்துக்கொண்டு தராசு இல்லாமல் தவிப்பவர்களும் உண்டு. விடுதியில் இருக்கும் பிள்ளைகள் இப்படிக் கேட்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வது பாக்கெட்டை வைத்துப் பிரிக்கும் முறை. 200 கிராம் கிஸ்மிஸ் பாக்கெட் வாங்குங்கள். 150 கிராம் வேண்டுமென்றால் அதைத் தட்டில் பரத்தி நான்கு சமபங்காக்கி மூன்றை எடுங்கள். கண் பார்த்துப் பிரித்தாலும் பத்து கிராமுக்கு மேல் தப்பாது. தெரியாத கப்பில் அளப்பதைவிட இது எவ்வளவோ நம்பகமானது. கப் கட்டாயம் வேண்டுமென்றால் கிராமைப் பழத்தின் கப் எடையால் வகுங்கள். 300 கிராம் கிஸ்மிஸ் என்றால் 300-ஐ 145-ஆல் வகுத்தால் 2 கப்புக்குச் சற்று மேல். அதையே பெரிய கப்பால் அள்ளாமல் கால் கப்பாகப் போட்டால் கால் கப்புக்கு 36 கிராம், எட்டுக் கால் கப்பும் ஒரு சின்னப் பிடியும்.

எல்லாச் சமையலுக்கும் இவ்வளவு பார்க்க வேண்டியதில்லை. பாயசத்துக்கும் கேசரிக்கும் நெய்யில் பொரித்துப் போடும் கிஸ்மிஸுக்கு நான் இன்றுவரை தராசை எடுத்ததில்லை, எடுக்கவும் மாட்டேன். கூடினால் இனிப்பு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். கேக்கிலும் பிரெட்டிலும் பழம் மாவின் சுமை. பேரீச்சை அல்வாவிலும் ஜாமிலும் பழத்தின் எடைக்குத்தான் சீனியும் நெய்யும். அங்கே மட்டும் கப்பை நம்ப வேண்டாம். பழம் அடியில் இறங்குவதற்கு மாவு தளர்வாக இருப்பதும் ஒரு காரணம். அதற்குக் குறிப்பிலுள்ள மைதாவிலிருந்தே இரண்டு ஸ்பூன் எடுத்துப் பழத்தில் புரட்டுவேன், தனியாகக் கூட்டுவதில்லை.

மாதர் சங்கத்து அக்கா இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் ஆர்டர் கொடுத்தார். மறுபடியும் ஆறு கேக். இந்தத் தடவை பழம் 3.6 கிலோ. உலர்ந்த நிலையில் தனித்தனியாக நிறுத்து, ஆறு டப்பாக்களில் 600, 600 என்று பிரித்து, டப்பாவிலேயே சாறு ஊற்றி மூடினேன். ஊறியபின் மறுபடி எடை பார்க்கும் வேலையே இல்லை, ஒரு டப்பா ஒரு கேக்குக்கு. வெட்டும்போது நானே போய் நின்றேன். முதல் துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை பழம் விரவி நின்றது.

மகள் பெங்களூருவில் வேலைக்குப் போய் இந்த வருஷம் முதல் தடவையாகத் தனியாகக் கேக் போடப் போகிறாள். பாட்டி நோட்டை அனுப்பச் சொன்னாள். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, கீழே கிராமில் எழுதி அனுப்பினேன்: மைதா, சீனி, வெண்ணெய் 227 வீதம். பேரீச்சை கொட்டை நீக்கி 280. அண்டிப்பருப்பு தலை தட்டி 96. கிஸ்மிஸ் 250, பாட்டி கையளவு. ஆரஞ்சுத் தோலுக்கு மட்டும் என்னிடம் எண் இல்லை. ஒரு கை என்றுதான் நோட்டில் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை அத்தையை அள்ளச் சொல்லி நிறுத்துப் பார்க்க வேண்டும்.